நாலாவது மூலை

அவளை எல்லோரும் மில்லி என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும் இருந்தது. டைல்ஸ் ஒட்டும்போது "ஒரு மில்லி தள்ளு, அரை மில்லி ஏத்து" என்று மில்லிமீட்டரிலேயே பேசிப் பேசி வாங்கிய பட்டம் அது. மற்றவர்கள் கண்ணால் பார்த்து "சரியாத்தான் இருக்கு" என்று நகர்ந்துவிடும் இடத்தில் அவள் ரசமட்டத்தை வைப்பாள், அதையே திருப்பி வைப்பாள், கடைசியில் ரசமட்டத்தையும் சந்தேகப்படுவாள்.

இருபது வருடமாக அண்ணனுடைய குழுவில் வேலை. அண்ணன்தான் மேஸ்திரி. கடை முகப்பு, பெரிய கூடம், மாடிப்படி என்று நாலு பேர் பார்க்கிற வேலையெல்லாம் அண்ணனுக்கும் அவருடைய ஆட்களுக்கும் போகும். குளியலறை வந்தால் மில்லிக்கு. "பாத்ரூம்னா என் தங்கச்சிதான்" என்று அவர் பெருமையாகவே சொல்வார். அந்தப் பெருமையைக் கேட்டுக் கேட்டு அவளுக்குப் புளித்துப்போயிருந்தது. சொன்னால் சிரிப்பீர்கள், இருபது வருடத்தில் அவள் வேலையை நின்று நிதானமாகப் பார்த்தவர்கள் எல்லோருமே உடம்பில் பொட்டுத் துணி இல்லாமல் இருந்தவர்கள். கண்ணில் சோப்பு நுரை வேறு. அவர்களிடம் போய் "மூலை எப்படி வந்திருக்கு?" என்று கேட்க முடியுமா?

ஒரு சுவர், தெருவைப் பார்த்த மாதிரி ஒரே ஒரு சுவர் கிடைத்தால் போதும் என்று அவள் தன் வீட்டுக்காரரிடம் சொல்லாத நாள் இல்லை. வீட்டுக்காரர்தான் அவளுக்குக் கலவை போட்டுக் கொடுப்பவர். "கிடைக்கும், கிடைக்கும்" என்று சொல்லிக்கொண்டே வாளியைக் கழுவுவார்.

கிடைத்தது. நூலகத்தின் தெருப்பக்கச் சுவர்.

நூலகர் அம்மாவுக்கு ஒரு யோசனை. சுவருக்கு நேர் எதிரே பேருந்து நிறுத்தம். பஸ்ஸுக்காகக் காத்திருப்பவர்கள் எல்லோரும் எப்படியும் போனைத்தான் நோண்டிக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் போனைச் சுவரைப் பார்த்துத் தூக்கினால் ஒரு கதை கேட்க வேண்டும். யாரோ ஒருவர் வாசித்துப் பதிவு செய்த கதை, பஸ் வருவதற்குள் முடிகிற மாதிரி, வாரத்துக்கு ஒன்று. அதற்கு எதிர்ப்பக்கத்திலிருந்தே ஸ்கேன் ஆகிற அளவுக்கு ஆள் உயரத்தைத் தாண்டிய ஒரு கியூஆர் கோடு, டைல்ஸில் வேண்டும் என்றார்.

அண்ணன் சுவரைப் பார்த்தார், அந்தம்மாவைப் பார்த்தார், கையை விரித்தார்.

"இது எங்க வேலை இல்ல மேடம். ஸ்டிக்கர் அடிக்கிற கடையில குடுத்தீங்கன்னா அரை நாள்ல ஒட்டிட்டுப் போயிடுவாங்க."

"ஸ்டிக்கர் ரெண்டு மழை தாங்காது. நான் ரிட்டயர் ஆன பிறகும் இது சுவத்துல நிக்கணும்."

"இது கம்ப்யூட்டர் சமாச்சாரம் மேடம். ஒரு புள்ளி மாறினா மொத்தமும் போயிடும். ஒட்டி முடிச்சு வேலை செய்யலைன்னா யார் பேரு கெடும்?"

அதுவரை ஓரமாக நின்று அந்தம்மா கையிலிருந்த காகிதத்தை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மில்லி வாயைத் திறந்தாள். "எல்லாம் கட்டம்தானே? கருப்பு, வெள்ளை. நான் பண்றேன் மேடம்."

அண்ணன் அவளைத் தனியாக ஓரமாக அழைத்துப் போனார். "பாப்பா, தெரிஞ்சுதான் பேசுறியா?"

"தெரிஞ்சுதான் பேசுறேன்."

"சரி. திறப்பு விழா அன்னைக்கு எல்லார் முன்னாடியும் போன்ல ஓடணும். ஓடிச்சுன்னா அடுத்து வர்ற ஆஸ்பத்திரி முன்கூடம் உன்னோடது, நீயே பொறுப்பு, நான் எட்டிக்கூடப் பார்க்க மாட்டேன். ஓடலைன்னா திரும்பவும் பாத்ரூம். அப்புறம் சுவர், கிவருன்னு என்கிட்ட மூச்சு விடக்கூடாது."

"நீங்க முன்கூடத்துச் சாவியை எடுத்து வையுங்க" என்றாள் மில்லி.

நூலகத்தில் கணினி பார்க்கும் பெண்தான் அந்தக் கியூஆர் கோடை உருவாக்கியவள். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஆனால் விஷயம் தெரிந்தவள். மில்லியைத் திரைக்கு முன்னால் உட்காரவைத்துக் காட்டினாள். இணைய முகவரி நீளமானால் கட்டங்கள் கூடும், கட்டங்கள் கூடினால் ஒவ்வொன்றும் சின்னதாகிவிடும். அதனால் நூலகத்தின் சொந்த முகவரியையே இருபத்துநாலு எழுத்துக்குள் சுருக்கியிருந்தாள். இலவசமாகச் செய்து தரும் தளங்கள் நிறைய உண்டு. அவற்றில் சில பதினைந்து நாள் கழித்துக் கியூஆர் கோடையே செல்லாமல் ஆக்கிவிடும், அப்புறம் சுவரைக் கட்டிக்கொண்டு அழ வேண்டியதுதான் என்றாள்.

"இருபத்தொன்பதுக்கு இருபத்தொன்பது கட்டம் அக்கா. சுத்திலும் நாலு கட்ட அகலத்துக்கு வெறும் வெள்ளை விட்டே ஆகணும். அந்த இடம் இருந்தாத்தான் கோடு எங்க தொடங்குது, எங்க முடியுதுன்னு போனுக்குத் தெரியும்."

"ஒரு கட்டம் உடைஞ்சா?"

"ஒண்ணு என்ன, மொத்தத்துல கால் பங்கு கெட்டாலும் படிச்சிடும். அவ்வளவு தாங்குற மாதிரிதான் செஞ்சிருக்கேன். ஒரே விஷயத்தை உள்ள திரும்பத் திரும்ப எழுதிவச்ச மாதிரின்னு வச்சுக்கங்களேன்."

மில்லிக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப்போயிற்று. பதிலுக்குத் தன் பங்குக்கு ஒன்று சொன்னாள்: பளபளப்பு டைல்ஸ் வேண்டாம், மாலை வெயில் நேராக இந்தச் சுவரில்தான் அடிக்கும், கண் கூசினால் போனுக்கும் கூசும். மங்கலான ரகம்தான் போட வேண்டும். கணினிக்காரப் பெண் தலையில் அடித்துக்கொண்டு, "இது எனக்குத் தோணவே இல்லைக்கா" என்றாள். இரண்டு பேரும் தேநீர் குடித்தார்கள். உலகத்திலுள்ள அத்தனையும் பேசினார்கள், ஒன்றைத் தவிர. அந்தப் பெண்ணுக்கு அது சொல்லித் தெரிய வேண்டிய விஷயமாகவே படவில்லை. மில்லிக்குக் கேட்க வேண்டும் என்று தோன்றவில்லை.

உள்ளங்கை அகல டைல்ஸ். வெள்ளை ஓரத்தையும் சேர்த்து ஆயிரத்து முந்நூற்று அறுபத்தொன்பது. சாரம் கட்டி, தூக்குக்குண்டு விட்டு, சுவர் முழுக்க நூல் பிடித்துக் கோடு போடவே ஒரு நாள் ஆயிற்று. சிந்துகிற கலவை ஒட்டிய டைல்ஸில் படக் கூடாது என்று மேலிருந்து கீழாக ஒட்டத் தொடங்கினாள். வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, காகிதத்தில் வரிசைக்கு வரிசை அளவுகோலை வைத்து வாசிப்பார்: "கருப்பு ஏழு... வெள்ளை ரெண்டு... கருப்பு ஒண்ணு... வெள்ளை மூணு..." இரண்டாம் நாளே அதற்கு ஒரு ராகம் வந்துவிட்டது. நிறுத்தத்தில் நிற்பவர்கள் கேட்டுச் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டாள். பார்க்கிறார்களே, அதுவல்லவா முக்கியம்! இருபது வருடத்தில் முதல் தடவையாக அவள் வேலையைத் துணி உடுத்தியவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு நெஞ்சு கொள்ளவில்லை.

பத்தாம் நாள் காலையில் கடைசி டைல் பதிந்தது. இடுக்குகளில் சாம்பல் நிறக் கலவையைத் தேய்த்துத் துடைத்து, மத்தியானத்துக்குள் சாரத்தையும் பிரித்தாயிற்று. மறுநாள் பத்து மணிக்குத் திறப்பு விழா. காலையில் கணினிக்காரப் பெண் வந்து சோதிப்பதாக ஏற்பாடு. வீட்டுக்காரர் சாரக் குழாய்களை ஏற்றிக்கொண்டு வண்டியோடு போனார்.

மில்லி தெருவைக் கடந்து நிறுத்தத்துக்குப் போய்த் திரும்பிப் பார்த்தாள். சாரமில்லாமல், முழுதாக, அப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறாள்.

அழகு என்றால் அப்படியோர் அழகு. மூலைக்கு மூலை, கட்டத்துக்குள் கட்டமாகக் கண் வரைந்த மாதிரி பெரிய சதுரம். மேலே இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று, கீழே இடப்பக்கம் ஒன்று. கீழே வலப்பக்கம்?

இல்லை.

அந்த மூலையில் கருப்பும் வெள்ளையும் கண்டபடி சிதறிக் கிடந்தன. கொஞ்சம் உள்தள்ளி, ஒப்புக்கு ஒன்று என்கிற மாதிரி ஒரு குட்டிச் சதுரம். அவளுக்குச் சுருக்கென்றது. காகிதத்தை எடுத்துப் பார்த்தாள், காகிதத்திலும் அப்படித்தான். பெரிய சதுரம் வர வேண்டிய இடத்தில் அந்தப் பெண் தவறிப்போய்ச் சின்னதாகப் போட்டுவிட்டாள் என்று முடிவுகட்டினாள். பாவம், புதுசு.

இங்கே மில்லியின் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். வரைபடத்தில் தப்பு இருப்பது அவளுக்குப் புதிதல்ல. குளியலறைக் கதவைத் திறந்தால் முகம் கழுவும் தொட்டியில் இடிக்கிற மாதிரி வரைந்த பொறியாளர்களைப் பார்த்திருக்கிறாள். தண்ணீர் போகிற துளையை மேட்டில் குறித்தவர்களைப் பார்த்திருக்கிறாள். யாரையும் கேட்காமல் சரிசெய்துவிடுவாள், பிறகு அவர்களே வந்து நன்றி சொல்வார்கள். கேட்டால் என்ன ஆகும்? "மில்லிக்குத் தெரியலை, அதான் கேட்கிறா" என்று ஆகும். பெண்பிள்ளை ஒருத்தி இந்தத் தொழிலில் ஒரு தடவை கேட்டால், பத்துத் தடவை சொல்லிக்காட்டுவார்கள். அதனால் அவள் கேட்பதையே விட்டு வருடக்கணக்காகிவிட்டது.

உளியையும் சுத்தியலையும் எடுத்தாள். மற்ற மூன்று மூலைகளோடு ஒப்பிட்டு எண்ணினாள். மாற்ற வேண்டியது முப்பத்தொரு டைல். கடைசியாக ஒட்டிய பகுதி, மெதுவாக இறுகும் பசை வேறு, அதனால் ஒன்றுகூட உடையாமல் பெயர்ந்து வந்தது. சீக்கிரம் இறுகும் பசையாகப் பார்த்துக் குழைத்து, நாலாவது மூலையிலும் பெரிய சதுரத்தைப் பதித்தாள். குட்டிச் சதுரத்தில் பாதி அதற்குள் போயிற்று. மாலை வெளிச்சத்தில் எதிர்ப்பக்கம் போய் நின்றாள். நாலு மூலையும் நறுக்கென்று நின்றன. வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. நாளைக்கு அந்தப் பெண்ணே பார்த்துவிட்டு, "அக்கா, காப்பாத்திட்டீங்க" என்று சொல்லட்டும் என்று சந்தோஷமாகத் தூங்கினாள்.

காலை எட்டரை மணிக்குக் கணினிக்காரப் பெண் நிறுத்தத்தில் நின்று போனைத் தூக்கினாள். அது சுவரைப் பார்த்து விழித்தது. கொஞ்சம் முன்னால் வந்தாள், பின்னால் போனாள், போனைச் சாய்த்தாள். ஒன்றும் திறக்கவில்லை. நூலகர் அம்மா தன் போனை நீட்டினார். அதிலும் இல்லை. பஸ்ஸுக்கு நின்ற இரண்டு பேர் தங்கள் போனையும் நீட்டிப் பார்த்தார்கள். பச்சைச் சட்டையும் புதுச் செருப்புமாக வந்திருந்த அண்ணன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரி முன்கூடம் மில்லியின் கண்ணெதிரே சுருங்கிச் சுருங்கிக் குளியலறை அளவுக்கு வந்துவிட்டது.

"என்னம்மா இது?" என்றார் நூலகர் அம்மா, கணினிக்காரப் பெண்ணைப் பார்த்து. "ஒன்றரை மணி நேரம்தான் இருக்கு."

"திரையில வேலை செஞ்சது மேடம். நூறு தடவை பார்த்தேன்" என்றாள் அந்தப் பெண்.

அப்போதுதான் அண்ணன் முன்னால் வந்தார். மில்லி தலையைக் குனிந்துகொண்டாள். இனி வாழ்நாளுக்கும் கேட்கப்போகிற பேச்சு என்று காதைத் தயாராக வைத்துக்கொண்டாள். ஆனால் அவர் பேசியது வேறு.

"மேடம், ஒண்ணு சொல்றேன் கேளுங்க. தப்பு எங்க பக்கம் இல்ல. என் தங்கச்சி கையில குடுத்த படத்துல இருந்து ஒரு கட்டம் மாறியிருக்காது. இருபது வருஷம் பார்த்திருக்கேன், அவளை மாதிரி சுத்தமா வேலை செய்ற ஆளு இந்தத் தொழில்லயே கிடையாது. தப்பு பேப்பர்லதான் இருக்கும். உங்க பொண்ணைக் கேளுங்க."

இருபது வருடம். இந்த ஒரு வார்த்தையை, நாலு பேர் முன்னால், குளியலறை என்ற சொல் கலக்காமல் அண்ணன் வாயால் கேட்க வேண்டும் என்று இருபது வருடம் ஏங்கியிருக்கிறாள். வந்தது. வந்த நேரத்தைப் பாருங்கள்! அண்ணன் மனதாரத்தான் சொன்னார், அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அந்தப் பக்கம் கணினிக்காரப் பெண் பேயறைந்த மாதிரி காகிதத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்காரர் தொண்டையைக் கனைத்தார். "ஆனா நேத்து ஓடிச்சே."

எல்லோரும் திரும்பினார்கள்.

"மத்தியானம் சாரத்தைப் பிரிச்சதும் பஸ் ஸ்டாப்புல நின்னு சும்மா பார்த்தேன். டக்குன்னு திறந்துச்சு. ஒரு தபால்காரர் பின்னாடியே ஒரு பூனை போற கதை. பாதியில வண்டிக்காரன் ஹாரன் அடிச்சுட்டான், குழாய் ஏத்தணும்னு ஓடிட்டேன். அந்தப் பூனை என்ன ஆச்சுன்னு ராத்திரியெல்லாம் நினைச்சுக்கிட்டுக் கிடந்தேன்."

நேற்று மத்தியானம் ஓடியது. இன்று ஓடவில்லை. நடுவில் மாறியது என்ன என்று அங்கே ஒருத்திக்குத்தான் தெரியும். சொல்லாமல் விட்டால் அண்ணனின் பேச்சு அப்படியே நிற்கும், முன்கூடத்துக்கும் மோசமில்லை, பழி வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகாத பெண்ணின் தலையில் விழும். அவ்வளவுதான். மில்லி முன்னால் வந்தாள்.

"நான்தான் மாத்தினேன்" என்றாள். "பேப்பர்ல தப்பு இல்ல. நீங்க போன பிறகு அந்த மூலையைப் பெயர்த்துட்டு நானே பெரிய கட்டம் வச்சேன். மூணு மூலையில இருந்துச்சு, நாலாவதுல இல்ல. மறந்துட்டாங்கன்னு நினைச்சேன்."

கணினிக்காரப் பெண் ஓடிப்போய் அந்த மூலையைப் பார்த்தாள். பத்து நாளும் பார்த்த சுவர்தான். அவள் கண்ணுக்கும் இப்போதுதான் பட்டது. "ஐயோ அக்கா! நாலாவது இல்லாததுதான் அடையாளமே! மூணைப் பார்த்துத்தான் எது மேல, எது கீழன்னு போன் கண்டுபிடிக்குது. நாலும் இருந்தா அதுக்குத் தலை எது, கால் எதுன்னே தெரியாதே."

"அப்ப கலைச்சுத் திரும்ப ஒட்டணும்" என்றார் நூலகர் அம்மா. "விழாவைத் தள்ளி வச்சிடலாமா?"

"எதுக்குத் தள்ளணும்?" என்றாள் மில்லி. குற்றத்தைச் சொல்லி முடித்ததும் அவளுக்குப் பழைய தெம்பு வந்துவிட்டது. அந்தப் பெண்ணிடம் திரும்பினாள். "அன்னைக்கு என்ன சொன்னே? கால் பங்கு கெட்டாலும் படிக்கும்னுதானே சொன்னே?"

"ஆமாக்கா."

"அப்ப அந்த இடத்துல சரியான டைல் இருக்கணும்னு இல்ல. பெரிய கட்டம் இல்லாம இருந்தாப் போதும். சரியா?"

அந்தப் பெண் விரல் விட்டுக் கணக்குப் போட்டாள். "சரிதான்க்கா."

மில்லி முக்காலியை இழுத்துப் போட்டாள். நேற்று வைத்த பசை இரவோடு இரவாகக் கல்லாக இறுகியிருந்தது. இனி பெயர்த்தால் முழு டைலாக வராது, உடைக்கத்தான் முடியும். நாலாவது கண்ணுக்கு நடுவில் ஒன்பது கருப்பு டைல். அவள் வாழ்க்கையிலேயே இவ்வளவு நேர்த்தியாக ஒட்டியது கிடையாது. உளியை நடு டைலில் வைத்து ஓங்கி ஒரு போடு போட்டாள். நிறுத்தத்தில் இருந்த யாரோ "அடடா" என்றார்கள். அவளுக்கும் வலிக்கத்தான் செய்தது. இரண்டாவது போட்டில் சில்லுச் சில்லாகக் கொட்டியது. ஒன்பதும் போய்ச் சாம்பல் நிறத்தில் ஒரு பொத்தல் தெரிந்ததும் இறங்கினாள்.

தெருவைக் கடந்து முதலில் போனைத் தூக்கியவர் வீட்டுக்காரர். தூக்கின கையோடு திறந்தது. "தபால்காரர் வீட்டுப் படியில் பூனை உட்கார்ந்திருந்தது..." என்று ஒரு பெண் குரல் தெரு முழுக்கக் கேட்டது. அவர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். மணி ஒன்பது நாற்பது. கணினிக்காரப் பெண் மில்லியின் கையைச் சிமெண்டோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

விழா நடந்தது. பொத்தலைப் பற்றிக் கேட்டவர்களுக்கெல்லாம் மில்லி ஒளிக்காமல் சொன்னாள், சொல்லச் சொல்ல அவளுக்கே சிரிப்பு வந்தது. அண்ணன் மட்டும் நிற்கவில்லை. தன் போனிலும் ஒரு தடவை திறந்து பார்த்துவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார். ஓடியது, ஆனால் பொத்தலோடு ஓடியது. அவர் அதை எப்படி எடுத்துக்கொள்வார் என்று அவளுக்குத் தெரியவில்லை.

அடுத்த இரண்டு நாளும் காகிதத்தைச் சுவரில் ஒட்டிவைத்துக்கொண்டு, உள்ளது உள்ளபடியே அந்த மூலையைத் திருத்தினாள். வீட்டுக்காரர் வாசித்தார். ஒவ்வொரு டைலுக்கும் ஒரு தடவை திரும்பிக் காகிதத்தைப் பார்த்தாள்.

மூன்றாம் நாள் அண்ணன் வந்தார். மூலையைத் தடவிப் பார்த்தார். இடுக்கில் நகத்தை ஓட்டினார். பிறகு அக்குளில் இடுக்கியிருந்த வரைபடச் சுருளை அவளிடம் நீட்டினார்.

"ஆஸ்பத்திரி முன்கூடம். நாலு மூலை இருக்கு. நானே எண்ணிட்டேன்."

அவள் சுருளை வாங்கிக்கொண்டாள். "பொத்தலோட ஓடினா கணக்குல சேராதுன்னு நினைச்சேன்" என்றாள்.

"நான் உனக்காகப் பேசினேன் இல்ல, அப்ப நீ சும்மா இருந்திருந்தாத்தான் சேர்ந்திருக்காது" என்றார் அண்ணன். "எனக்குத் தெரிஞ்சு ஒட்டத் தெரிஞ்சவன் நூறு பேர். தான் ஒட்டினதைத் தானே உடைக்கிறவன் எவன் இருக்கான்? நான் உடைச்சிருக்க மாட்டேன்."

மில்லி நூலகத்து வாசல் தரையிலேயே சுருளை விரித்து, நாலு பக்கமும் உடைந்த டைல்களைப் பாரமாக வைத்தாள். படத்தில் முன்கூடத்தின் மூன்று மூலையும் செங்கோணம். நாலாவது மூலை மட்டும் உள்ளே வளைந்திருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் தன்னால் போய் அந்த வளைவை நேராக்கிக் கோடு இழுத்தது. அண்ணன் கவனித்துக்கொண்டுதான் இருந்தார்.

விரலை எடுத்தாள். சுருளின் ஓரத்தில் படம் வரைந்தவரின் எண் இருந்தது. கையைத் துடைத்துவிட்டுப் போனை எடுத்தாள்.

"வணக்கம் சார். ஆஸ்பத்திரி முன்கூடம் விஷயமா கூப்பிடுறேன். அந்த வளைஞ்ச மூலை, அது வேணும்னே வச்சதா?" அந்தப் பக்கம் யாரென்று கேட்டிருக்க வேண்டும். அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நான் மேஸ்திரி பேசுறேன்."

அண்ணன் பக்கத்திலேயேதான் நின்றார். கேட்டுவிட்டு, அவளுடைய வாளியை எடுத்துக் கழுவப் போனார்.